மாலைதீவுக்குப் போகும் மாப்பிள்ளை

கல்முனையில் ஒரு கூரியர் கடை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். மாலைதீவில் அவளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. விசாவுக்கு அனுப்பும் சான்றிதழ்களை உறைக்குள் வைத்து ஒட்டப் போனாள்.

"ஒட்டாத, புள்ள. என்னையும் உள்ளுக்குப் போடு," என்று அவன் தன் பாஸ்போர்ட் பிரதியை நீட்டினான்.

"நீங்களும் வாறீங்களா மச்சான்? இவ்வளவு நாளும் ஒண்டுமே செல்லல்லையே. அப்ப வயல்?"

"காக்கா பாப்பாரு. கதைச்சிட்டன், தம்பிட வயல்தானே எண்டாரு."

"பொஞ்சாதிக்குப் பின்னால போறான் எண்டு ஊரே கதைக்குமே."

"கலியாணம் முடிச்ச அண்டைக்கு ஒரு பேக்கோட உங்கட ஊட்டுக்கு வந்தவன்தானே நான். நம்மட ஊருல எந்த மாப்பிள்ளை தன்ட ஊட்டுல இரிக்கான்? அப்ப ஆரும் கதைக்கல்ல. இப்ப ஊடு கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்."

அவள் அந்தப் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படமும் வேணும். கெதியா எடுத்திட்டு வாங்க, நான் இதிலேயே நிக்கன். சிரிச்சிராதீங்க, விசாப் படத்துல பல்லுத் தெரியப் படாது."

அவன் எதிரே இருந்த ஸ்டூடியோவுக்கு ஓடினான். அவள் பல்லெல்லாம் தெரிய, பின்னால் நின்ற எங்களை ஒவ்வொருவராக முன்னே விட்டுக்கொண்டிருந்தாள்.