‘மொலூ’வும் அப்பாதுரை வைத்த சட்டமும்

தலைமை ஏற்றிருக்கும் கோவிந்தம்மாள் அவர்களே, கைப்பெட்டியோடு கடைசி வரிசையில் இருக்கும் டாக்டர் தேவசகாயம் அவர்களே, விழுப்புரத்து ரயில்வே தோழர்களே, இந்தத் திண்டிவனத்து மல்லாட்டைக் கிடங்கில் கடலை உடைக்கும் தாய்மார்களே, வணக்கம். கதவு தாழ் போட்டிருக்கிறதா? ஒரு முறை பார்த்துவிடுங்கள். யாராவது தட்டினால் இது கருமாதிப் பேச்சு, அவ்வளவுதான்.

தந்தி குமாஸ்தா அப்பாதுரை போய்விட்டார். முப்பத்திரண்டு வயது. நம் தொழிற்சங்கத்தைச் சர்க்கார் தடை செய்தது. அவர் நமக்கென்று ஒரு மொழியே செய்து கொடுத்தார். அதன் முதல் சொல் எது? மொலூ. ஒளிந்திருப்பவர் என்று பொருள். அது பிறந்தது நம் தலைவர் கோவிந்தம்மாளின் வீட்டில். மூன்று வருஷத்துக்கு முன் அங்கே மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்தவன் நான். போலீஸ் உள்ளே நிற்கும்போது இவருடைய ஒன்றரை வயதுக் குழந்தை என் பக்கம் கையை நீட்டி, "மொலூ, மொலூ" என்றது. கோவிந்தம்மாள் அசரவில்லை. "பூனையப் பாத்தா அப்படித்தான் சொல்லிக்கினு இருக்குதுங்க" என்றார். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

அந்த மழலைக்குத்தான் அப்பாதுரை இலக்கணம் வகுத்தார். மொலூவுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. ஒருவரா, பத்துப் பேரா, தெரியாது. ‘மொலூவுக்கு’ என்று சொல்லலாம்; கஞ்சி அனுப்ப வேண்டுமே. எந்த ஊரில், எந்த வீட்டில் என்று சொல்ல மட்டும் உருபே கிடையாது. "அத நான் வெக்க மாட்டேங்க. தெரியாதத அடிச்சிக் கேட்டாலும் சொல்ல முடியாது" என்றார். கஞ்சி கை மாறிக் கை மாறிப் போகும். கடைசிக் கைக்கு மட்டுமே இடம் தெரியும். அந்தச் சட்டத்தால் எத்தனை பேர் பிழைத்தோம்!

போன மாதம் அவரே மொலூ ஆனார். விஷக்காய்ச்சல். டாக்டர் வரத் தயார். எங்கே அழைத்துப் போவது? கடைசிக் கை சட்டத்தை மீறவில்லை. பன்னிரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் கேட்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று ஏசுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை சேதி வந்திருக்கிறது. இன்னொரு மொலூவுக்கு அதே காய்ச்சல். ஆறாம் நாள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறத்தான் எழுந்தேன். தொடர்வோம். ஆனால் அவர் வைக்காமல் விட்ட உருபை இன்று நான் வைக்கிறேன். கடைசிக் கை இந்தக் கிடங்கில்தான் இருக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டாம். டாக்டரை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொரு கூட்டத்தில் இப்படிப் பேச என்னால் ஆகாது.

ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்?

தலைவரே... அம்மா, நீங்களா? முந்தானையைச் செருகிக்கொண்டு எங்கே...

இல்லை, நான் கேட்கவில்லை. டாக்டர், பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போங்கள். மற்றவர்கள் அசையாமல் உட்காருங்கள். அவர்கள் தெரு திரும்பும் வரை வெளியே என் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெருமக்களே, தந்தி குமாஸ்தா அப்பாதுரை அவர்கள்...