அறுபது வாட் பந்தயம்

மனிதனும் கம்ப்யூட்டரும் ஒரு விஷயத்தில் நேரெதிர், சார். மனிதனுக்குக் குளிர் எடுத்தால் பசிக்கும். கம்ப்யூட்டருக்குச் சூடானால் பசிக்கும். இது புரிந்தவன் பாதி இன்ஜினியர். நான் அந்தப் பாதி.

என் தொழில் வீடியோ எடிட்டிங். வீட்டிலேயே செய்கிறேன். முன் அறையில் அண்ணனின் தையல் மெஷின், பின் அறையில் என் பழைய கம்ப்யூட்டர். பழைய வீடு, நூல் மாதிரி வயர். நான் ஒரு பெரிய வேலையை ஓடவிட்டால் முன் அறையில் விளக்கு மங்கும், மெஷின் முனகும், பிறகு டப்பென்று ஃபியூஸ் போகும். பாதிக் காலரில் ஊசி நிற்க, அண்ணன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஃபியூஸ் மாற்றுவார். கவ்வியபடியே என்னைத் திட்டுவார். பாதி வார்த்தை புரியாது. புரிந்த பாதியே ஒரு வாரத்துக்குக் காணும்.

ஒருநாள் டார்ச்சை எடுத்துவிட்டே பேசினார்.

"டேய், நீ கம்ப்யூட்டர் வெச்சிருக்கியா, யானை வளர்க்கிறியா? அறுபது வாட் குண்டு பல்பு எரியுதே, அந்தக் கரண்டுல இதே வேலையைச் செய்யிற பெட்டி ஒண்ணு கட்டு. ஒரு மாசம் ஃபியூஸ் போகாம ஓட்டிக் காட்டு. காட்டிட்டா என் மீசையை எடுத்துடறேன். முடியலேன்னா யானை பழைய இரும்புக் கடைக்கு."

அந்த மீசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருமுனையில் முதலில் மீசை திரும்பும். அப்புறம்தான் அண்ணன் திரும்புவார்.

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "தம்பி, எப்படியாவது செஞ்சிடுங்க. கல்யாணமான நாள்லேருந்து அந்த மீசை மேல எனக்கு ஒரு கண்ணு."

கரும்பு தின்னக் கூலியா? அன்றே ஆரம்பித்தேன். லேப்டாப்புக்குள் வைக்கிற சிக்கனமான சிப். ஃபேன் கிடையாது, சூட்டை இழுக்க அலுமினியத் தகடுகள் மட்டும். சுவருக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு வாட் மீட்டர். சிப்புக்குப் போகும் வோல்டேஜைத் துளித்துளியாகக் குறைத்தேன். எண்பது, எழுபத்தைந்து, எழுபது. எண் இறங்க இறங்க எனக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டினார்கள். வேகத்தில் பழைய யானையைத் தாண்டிவிட்டது. ஆனால் அறுபத்தாறில் வந்து நின்றுகொண்டது. தகடுகள் கொதித்தன. கொதித்தால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அப்போது என் அறை மூலையில் இருந்த குட்டி ஃப்ரிட்ஜைப் பார்த்தேன்.

அது அண்ணனின் இன்சுலினுக்காக வாங்கியது. சமையலறை ஃப்ரிட்ஜை ஆளாளுக்குத் திறந்து மூடுவதால், மருந்துக்குத் தனியாக ஒன்று. காலையும் இரவும் அண்ணன் முன் அறையிலிருந்தே குரல் கொடுப்பார்: "தம்பி, மருந்தை எடுடா." நான் எடுத்துக் கொடுப்பேன். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டு, வயரை நுழைத்து, என் பெட்டியை உள்ளே வைத்தேன். ஐம்பத்து நான்கு வாட். அறைக்குள் தனியாக ஆடினேன், சார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தலைகால் புரியாமல் ஆடினேன். மேசையில் ஊருக்குக் காட்ட ஒரு வெற்றுப் பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அண்ணன் தினமும் வந்து, குனிந்து, மீட்டரைப் படித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போவார். ஒருநாள் மட்டும் கேட்டார்.

"ஃப்ரிட்ஜ் ஏன்டா இப்படி உறுமுது?"

"பந்தயம் யார் பக்கம்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கும்ணே."

சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். நல்ல குடும்பம்.

சில நாளில் மருந்துப் பாட்டிலைத் தொட்டபோது டீ கிளாஸ் மாதிரிச் சூடாக இருந்தது. அந்தக் குட்டி ஃப்ரிட்ஜுக்குள் தகடுகளை விட்டு அதைத் தள்ளிவைக்க இடமில்லை. சூடுபட்டால் மருந்து வீரியம் இழக்கும் என்று அட்டையில் அச்சடித்திருந்தது. படித்தேன். சமையலறை ஃப்ரிட்ஜுக்கு மாற்றியிருக்கலாம். ஏன் மாற்றினாய் என்று அண்ணி கேட்பார். அதனால் கொடுப்பதற்கு முன் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் முக்கி, துடைத்துக் கொடுத்தேன். கையில் வாங்கும்போது அண்ணனுக்குச் சில்லென்று இருக்க வேண்டும். அந்த அக்கறை எனக்கு உண்டு.

அண்ணன் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். இளைத்தார். பேன்ட் இடுப்பைத் தன் மெஷினிலேயே பிடித்துத் தைத்துக்கொண்டார். டாக்டர், "திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டு மருந்தின் அளவைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். கடைசியில் பழைய அளவுக்கு மூன்று மடங்கில் வந்து நின்றது. அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அண்ணி நம்பவில்லை. சர்க்கரை டப்பா முதல் பிஸ்கட் வரை எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். "நான் வெச்சிருந்தா கெஞ்சி வாங்கிடுவார் தம்பி. நீங்கதான் மசியமாட்டீங்க."

மாதம் முடிந்த காலை. ஃபியூஸ் ஒருமுறைகூடப் போகவில்லை. அண்ணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்தார். வாக்கு மாறாத மனிதர். அண்ணி மருந்துக்கடையிலிருந்து வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.

"பழைய பாட்டில்லயே ஏதோ கோளாறு இருக்கும்னு தோணுது. புதுசு வாங்கிட்டு வந்தேன். முதல்ல ஊசியைப் போட்டுக்குங்க, அப்புறம் உங்க கௌரவத்தைச் சிரைங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் சோப்புக் கிண்ணம். வீரியமில்லாத மருந்துக்காக ஏற்றிய அளவை, வீரியமுள்ள புது மருந்திலிருந்து அண்ணன் ஊசியில் நிரப்பிக்கொண்டிருந்தார். "அளவு அதிகம்ணே" என்றால் போதும். ஆனால் "உனக்கெப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி வரும். அது நேராக ஃப்ரிட்ஜில் போய் முடியும். மீசையோ ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது. கிண்ணத்தில் நுரையை இன்னும் கொஞ்சம் அடித்தேன்.

ஊசி போட்டார். சாப்பிடச் சொன்ன அண்ணியிடம், "தோத்தவனுக்கு என்ன டிபன்" என்றார். மீசையை ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம். ஒரு பக்கம் எடுத்து முடித்தபோது அவர் கை நடுங்கியது. ரேசரை நான் வாங்கி மறுபக்கத்தை எடுத்தேன். முகத்தில் வேர்வை ஊற்றாக வந்தது.

"ஏன் இவருக்கு இப்படி வேர்க்குது?" என்றார் அண்ணி.

"மீசை போன துக்கம், அண்ணி."

அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார், கொஞ்சம் குழறலாக. தூக்கம் வருகிறது என்று என் கட்டிலில் படுத்தார். அண்ணி தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பினார். "பார்த்துக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்துக்கொண்டேன். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, ஒரு ஸ்பூன் சர்க்கரை போதும் என்று தெரியும். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. சர்க்கரை கொடுத்தால் எழுந்துகொள்வார். எழுந்தால் டாக்டரிடம் போவார்கள். டாக்டர் பழைய பாட்டிலைக் கேட்பார். பாட்டிலைத் தேடினால் ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள். அண்ணன் ஒருமுறை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மெதுவாக. கம்ப்யூட்டரில் ஒரு வேலை முடியும் தறுவாயில் இருந்தது. ஐம்பத்து மூன்று வாட். அதுவரை அவ்வளவு குறைவாக வந்ததில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணி திரும்பி வந்து அலறிய பிறகுதான் கட்டில் பக்கம் திரும்பினேன்.

ஆமாம் சார், அண்ணனைச் சாகவிட்டது நான்தான். எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் ஆள் ஃப்ரிட்ஜையும் கூட்டி மொத்தம் நூற்றுப்பத்து வாட் என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜ் அண்ணனுடையது. அது வேறு பிளக்.