தேய்மானம் இல்ல மாமா

பழைய செப்புக் காசு கையில கிடைச்சா எல்லாரும் முதல்ல வருஷத்தத்தான் பாப்பாங்க சார். நான் அதுல இருக்கிற வெள்ளைக்கார ராணி தலையில, காதுக்கு மேல இருக்கிற முடியப் பாப்பேன். காசுலயே மேடான இடம் அது. அங்க முடி மழுங்கியிருந்தா, கைபட்டுக் கைபட்டுத் தேஞ்சிருக்கணும், இல்ல அடிச்ச அன்னிக்கே அச்சு சரியா இறங்காம இருந்திருக்கணும். தேஞ்சது சல்லிசு. அச்சு இறங்காதது யார் கையும் படாத காசா இருக்கலாம், அதோட விலையே வேற. அதப் பிரிச்சுச் சொல்றதுலதான் எங்க கடையே ஓடுது.

கடையில என்கூட என் மச்சினன். கல்யாணத்தோட இலவச இணைப்பா வந்தவன். ஒரு நாள் பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர் காசு கொண்டுவந்தாரு. தேய்மானம்னு சொல்லி ஒதுக்கிட்டேன். பின்னால நின்னு எட்டிப் பாத்தவன், "தேய்மானம் இல்ல மாமா. மெருகு அப்படியே இருக்கு பாருங்க"ன்னான். சரியாத்தான் சொன்னான். அவர் சிரிச்சாரு, இவனும் சிரிச்சான். பொறாமையெல்லாம் எனக்குக் கிடையாது. ஒரு கடைக்கு ஒரு வாய் போதும், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள்ல அவனுக்குக் கண்ணுல ஆபரேஷன். சொட்டு மருந்து ஊத்துற வேலைய நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். வேளை தவறினதில்ல. சீசாவுல இருந்ததுதான் மருந்து இல்ல. எரியுதுன்னான். எரிஞ்சாத்தான் ஆறும் மாப்ளன்னேன். ரெண்டு கண்ணும் போச்சு. கிருமி ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. வீடே அழுதுச்சு, நானும் அழுதேன், நெசமாவே.

வீட்டுல அடைஞ்சு கிடந்தா மனசு விட்டுடுவான்னு என் பொண்டாட்டி சொன்னா. கையப் பிடிச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். எவ்வளவு நல்ல மனுஷன்னு எல்லாரும் பேசினாங்க. அந்த வாடிக்கையாளர் மறுபடி வந்தப்ப, தேய்மானம்னு நான் ஒதுக்கின இன்னொரு காச விளையாட்டா இவன் கையில வச்சு, சொல்லு மாப்ளன்னேன். விரல் நுனியால ராணி தலையத் தடவினான்.

"தேய்மானம் இல்ல மாமா. தேஞ்சா வழவழன்னு இருக்கும். இது சொரசொரன்னு இருக்கே."

எங்க இரும்புப் பெட்டியோட கதவு ரொம்பக் கனம். விளிம்பப் பிடிச்சுக்கோ மாப்ளன்னு நான்தான் அவன் கைய எடுத்து வச்சேன். ரெண்டு கையையும். அதுக்குத்தான் என்ன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. அந்தக் கதவு தானா சாத்திக்காதுன்னு என் பொண்டாட்டி உங்ககிட்ட சொல்லியிருப்பா. கண்ணு விஷயம் அவளுக்கே தெரியாது.

அவனுக்கு இன்னும் என்மேல சந்தேகம் இல்ல. ஒவ்வொரு வாயா நான்தான் ஊட்டிவிடறேன். மாமா இல்லன்னா என் கதி என்னன்னு கேப்பான். நேத்து புதுசா வாங்கின காசு ஒண்ணு கை தவறித் தரையில விழுந்துச்சு. சத்தம் கேட்டதும் நிமிந்தான்.

"மாமா, அது அச்சுல அடிச்சதே இல்ல. அச்சடிச்சதுக்கு மணி மாதிரி சத்தம் வரும். யாரோ உருக்கி ஊத்தி உங்கள ஏமாத்திட்டாங்க."

பாவம், அக்கறையாத்தான் சொன்னான். உன் காதுல அழுக்கு அடைச்சிருக்கு மாப்ள, அதான் தப்பாக் கேக்குதுன்னேன். இருக்கும் மாமான்னு ஒத்துக்கிட்டான்.

பையில இருக்கிற சீசாவ எடுத்து வைக்கச் சொல்றீங்க. இந்தாங்க. காதுக்கு ஊத்துறது. காலையில ஒரு வேளைதான் ஊத்தினேன், எரியுதுன்னான்.