சிவப்பு விளக்கை அணைத்த சாயம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, இருட்டறையில் இளமையைக் கழித்த பெரியவர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

ஃபிலிம் பூசும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவள் நான். மேடை எனக்குப் புதிது. இருட்டு எனக்குப் பழகியது.

நாம் பூசுவது என்ன? ஜெலட்டினில் மிதக்கும் வெள்ளி உப்பு. வெள்ளிப்பால் என்கிறோம். அந்தப் பாலுக்கு நீலம் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால்தானே சிவப்பு விளக்கின் கீழே முகம் பார்த்து, முறைத்து, சிரித்து வேலை செய்தோம்?

வந்தார் வேதியியல் படித்த அம்மா. சாயக்காரம்மா என்று பெயர் வைத்தது நீங்கள்தான்! சிரிக்காதீர்கள், அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். துளி கந்தகம் சேர்த்தார், பால் விழித்தது. துளி தங்க உப்பு சேர்த்தார், பால் துடித்தது. துளி சாயம் சேர்த்தார், சிவப்பையும் கண்டுகொண்டது! சாயம் கூடினால் பால் மங்கும், குறைந்தால் தூங்கும். சரியான அளவைப் பிடிக்க ஓராண்டு உருகினார். பால் பார்வை பெற்றது; நாம் பார்வை இழந்தோம். சிவப்பு வெளிச்சம் பட்டாலும் பால் கெடும் என்பதால் அந்த விளக்கும் அணைந்தது.

முதல் பெரிய பூச்சு. கும்மிருட்டு. தொட்டி நிறையப் பால். என் கையுறையை உருளை கவ்வியது.

"ஐயோ, கை மாட்டிக்கிச்சு! மெஷினை நிறுத்துங்க!"

நிறுத்தும் பொத்தான் எங்கே? எதிர்ச்சுவரில். எதிர்ச்சுவர் எங்கே? இருட்டில்! ஓடினார்கள், மோதினார்கள், தடவினார்கள்.

"யாரும் லைட்டைப் போடாதீங்க! அத்தனையும் பாழாப் போயிடும்!" மேலாளர் கத்தினார்.

"போகட்டும் சார்!" என்றது கதவோரக் குரல்.

வெளிச்சம்! விளக்கைப் போட்டவர் சாயக்காரம்மா. பொத்தான் கண்ணில் பட்டது, இயந்திரம் நின்றது. உருளையைப் பின்னால் சுற்றி என் கையை எடுத்தார்கள். அவருடைய ஓராண்டு உழைப்பு அவர் கண்ணெதிரே கெட்டது.

"என்னம்மா, நீங்க செஞ்சதை நீங்களே அழிச்சிட்டீங்களே?" என்றார் மேலாளர்.

என் கையில் துணி சுற்றியபடி, நிமிராமல் சொன்னார்: "அதை மறுபடி செய்வேன் சார். இவளுக்குக் கை செஞ்சு குடுக்க எனக்குத் தெரியாது."

ஆஸ்பத்திரி வாசலில்தான் அழுதார். பாலுக்காகவா, எனக்காகவா? நான் கேட்கவில்லை.

விரல் எப்படி என்கிறீர்களா அண்ணே? மடங்குகிறது. சுண்டுவிரல் மட்டும் என் மாமியார் மாதிரி, வளைந்து கொடுக்காது!

தோழர்களே, புதிய பால் தயார். நாளை பூச வேண்டுமாம். இருட்டு வேண்டாம் என்றோமா? இல்லை! விளக்கு கேட்டோமா? இல்லை! இழுத்தால் இயந்திரம் நிற்கும் கயிறு, கையெட்டும் தூரத்தில் ஒரு கயிறு கேட்டோம். "முதல்ல பூசுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் மேலாளர். அப்புறம் என்றால் எப்போது? அடுத்த கை போன பிறகா?

சற்றுமுன் சாயக்காரம்மா என்னிடம் சொன்னார்: "பாலோட பார்வை மங்காம இருக்க மருந்து சேர்த்து, குளிர்ல வச்சிட்டேன். பால் காத்திருக்கும், நீ தைரியமாப் பேசு."

பால் காத்திருக்கும் என்றால் நாமும் காத்திருப்போம்! கயிறு கட்டும்வரை அந்தக் கதவுக்குள் நம்மில் ஒருவர் காலும் நுழையாது, நுழையாது, நுழையவே நுழையாது!

பேசப் பழகாதவளைப் பொறுமையாகக் கேட்டீர்கள். உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.