நாலு மூளையும் ஒரு கங்காணியும்

பதுளை பஸ்ஸில் நான் ஒரு தவறு செய்தேன். கேம்பஸ் போகும் தோழிகள் இருவர் சேர்ந்து உட்கார, என்னைப் பின் இருக்கைக்கு மாறச் சொல்லிக் கேட்டார்கள். ஜன்னலோரத்தை விட மனமில்லாமல் தூங்குவதுபோல் நடித்தேன். என் பக்கத்தில் மடிக்கணினியோடு ஒருத்தி, எனக்குப் பின்னால் மற்றவள். பேச்சு என் தலைக்கு மேலே நடந்தது.

“ரிஸ்னா, நம்ம செஸ் புரோகிராம்ல கம்ப்யூட்டரோட நாலு மூளையும் சேந்து யோசிச்சா, ஒத்த மூளைய விட லேட்டாகுதுடி!”

“நாலும் தேயிலத் தோட்டத்துல ஒரே நெரையில கொழுந்து எடுக்குற மாதிரியா?”

“அதுக்குத்தான் வேலைய பிரிச்சுக் குடுக்க ஒரு கங்காணி வச்சேன். இப்ப நாலும் வேலைய விட்டுட்டு, கங்காணிகிட்ட கேக்க வரிசையில நிக்குது!”

“கங்காணிய வீட்டுக்கு அனுப்பு கவிதா! இன்னிக்கு கேம்பஸ்ல சேர்கிட்ட வேகத்தக் காட்டலேன்னா ரெண்டு பேரும் ஃபெயில். ஆளுக்கொரு நெரையில தொடங்கட்டும். எடுத்தத மட்டும் ஒரே கூடையில கொட்டட்டும்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்போதுதான் விழித்தவன்போல் எழுந்து பின்னால் போனேன். ரிஸ்னா என் இடத்துக்குப் பாய்ந்தாள். ஹாலிஎல வருவதற்குள் இருவரும் கூச்சலிட்டார்கள்.

“ஒத்த மூளைய முந்திருச்சுடி!”

“ஐயோ, ராணிய சும்மா தூக்கிக் குடுக்குதே!”

“அதையும் எவ்வளவு வேகமாக் குடுக்குது பாரு! சேர் வேகம்தானே கேட்டாரு?”