ஓட்டுப் போட லீவு

அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை. துபாயில், சோனாப்பூர் லேபர் கேம்ப்பிலிருந்து சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு பெயின்டரும் கம்பி கட்டுகிறவர் ஒருவரும் உரக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். கேட்காமலிருக்க வழியில்லை.

“அங்க கறுப்பருங்களுக்குச் சட்டத்துல ஓட்டு இருந்தும், போடப் போனா அடிச்சு விரட்டுவாங்களாம். ஜெயிலுக்கெல்லாம் போயி வாங்கியிருக்காங்க. இப்ப அவங்க ஆளே ஜனாதிபதி,” என்றார் பெயின்டர்.

“நான் ஓட்டுப் போடணும்னா எங்க வீட்ல யாராவது சாகணும்,” என்றார் மற்றவர்.

“என்னண்ணே, காலங்காத்தால இப்படிப் பேசுறீங்க?”

“பதினாலு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் போட்டேன். அம்மா செத்ததுக்கு எமர்ஜென்சி லீவு குடுத்தாங்க. கருமாதி முடிஞ்ச மறுநாள் எலெக்‌ஷன். மொட்டைத் தலையோட வரிசையில நின்னேன். அடுத்த எலெக்‌ஷனுக்கு லீவு கேட்டா, ‘யாரு செத்தது?’ங்கிறான் ஃபோர்மேன். யாரும் சாகல, ஓட்டுப் போடணும்னேன். சிரிச்சுட்டு, மாஃபி லீவு, அதுக்கெல்லாம் லீவு கிடையாது போன்னுட்டான்.”

பஸ் சிக்னலில் நின்றது.

“வர்ற வருஷம் நமக்கும் எலெக்‌ஷன் வருதே. போவீங்களாண்ணே?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்பா நல்லாத்தான் இருக்காரு.”