பனிமேட்டுக்கு வரவேண்டிய பெட்டி

புது ரயில் பெட்டி எப்போது வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அரிசி மூட்டை எந்த வண்டியில் ஏறும், துணிக் கட்டு நனையாமல் எங்கே கிடக்கும் என்பதெல்லாம் அந்த மனிதர் மனது வைப்பதில் இருந்தது. பனிமேடு கடைவீதியில் கடை வைத்திருந்த அப்பா, அவரைக் கண்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் வாய் திறப்பார். நான் கேட்டேன். சென்னையில் பி.ஏ. முடித்துத் திரும்பிய அதே வாரம், பிளாட்பாரத்தில் பத்துப் பேர் பார்க்க, "புதுப் பெட்டி எங்கே?" என்றேன்.

"ஆகஸ்ட்" என்றார் மாஸ்டர்.

எந்த வருஷத்து ஆகஸ்ட் என்று கேட்டேன். அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாப்பாட்டில் உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்தார். "ரயில்காரன்கிட்ட வாயக் குடுக்காதேன்னு எத்தன தடவ சொல்றது? பொம்பளப்புள்ள படிச்சா நாக்கு நீண்டுருமா?"

"பெட்டியத்தானேப்பா கேட்டேன். அவர் பொண்ணையா கேட்டேன்?"

அடுப்படியில் அம்மா சிரித்தது கேட்டது. அம்மா சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

எங்கள் கிளை லைனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. மூன்றாம் வகுப்புக்கு இரண்டே மரப் பெட்டிகள். இரண்டிலும் கூரை ஒழுகும். ஒன்றுக்குக் கைப்பிரேக் செத்துப்போய் ஆறு வருஷம். அதற்குப் பதிலாகப் புதுப் பெட்டிகள் வருகின்றன என்ற அறிவித்தலை ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தேதியை மட்டும் அடித்து அடித்து எழுதியதில் அந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து நவம்பரில் என் அக்கா சீதாலெட்சுமி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. மண்சரிவில் ரோடு அடைபட்டிருந்தது, ரயிலை விட்டால் அட்டன் ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. அந்த வாரம் இரண்டு பெட்டிகளும் பழுது. ஆட்களைத் தேயிலை ஏற்றும் வண்டியில் போட்டார்கள். தேயிலை நனையக் கூடாதென்று கதவை வெளியிலிருந்து சாத்திக் கொண்டி போட்டார்கள். உள்ளே இருட்டு. அக்கா தலை என் மடியில் இருந்தது. "யோகு, கதவக் கொஞ்சம் தொறக்கச் சொல்லேன்" என்றாள். நான் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? வழியில் வண்டி இரண்டு தடவை நின்றது, இரண்டு தடவையும் யாரும் கதவுப் பக்கம் வரவில்லை. அட்டனில் கதவைத் திறந்ததும் முதலில் தேயிலையை இறக்கினார்கள். அது வாசல் பக்கம் இருந்தது. அதில் குற்றம் சொல்ல முடியாது. அப்போது அக்காவுக்குக் கை சில்லிட்டு வெகு நேரமாகியிருந்தது. பிள்ளை வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகு கடிதம் எழுதினேன். இங்கிலீஷில், ஒரு பிழையில்லாமல். கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று பதில் வரும். நேரில் போனேன். ஒரு கிளார்க் நாற்காலி கொடுத்தார், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னவர் மாஸ்டர் ஒருவர்தான். பாவம் பார்த்துச் சொன்னார். "இன்னொரு லைன்ல பெட்டி பெரண்டு மூணு பேர் செத்தாங்க. ஆறே வாரத்துல புதுப் பெட்டி வந்துருச்சு. இங்கதான் ஒண்ணும் நடக்கலையே தாயி."

"என் அக்கா?"

"அது பிரசவத்துல போனது. ரயில் விபத்துல சேராது."

அவர் கெட்டவர் இல்லை. விதி அப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் கைப்பிரேக் இல்லாத பெட்டி தானாக உருண்டு தண்டவாள முடிவில் இருந்த மண்மேட்டில் மோதியதும் எனக்குத் தெரியும். காலிப் பெட்டி. கொல்லனை வைத்துத் தட்டி, நாலாம் நாள் லைனில் விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் யோசிக்கத் தெரிந்தவர்கள் பனிமேட்டில் வேறு யாரும் இல்லை. அதனால்தான் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாலு மணி வண்டிக்குத் தோட்டத்து ஆட்கள் இரண்டு மணிக்கே நடந்து வந்துவிடுவார்கள். மணி அடிக்கும்வரை மூன்றாம் வகுப்பு ஆட்கள் பிளாட்பாரத்தில் ஏறக் கூடாது. மழை பிடித்தால், வண்டியில் கோக்கவேண்டிய பெட்டி பக்கத் தண்டவாளத்தில் நிற்குமே, அதில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அந்தத் தண்டவாளம் சரிவு. சக்கரத்துக்கு அடியில் போர்ட்டர் பழனியாண்டி ஒரு மரக்கட்டையைச் சொருகி வைப்பான். அந்தக் கட்டையை நம்பித்தான் அத்தனை பேரும் உள்ளே உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். சரிவின் முடிவில் இருந்த மண்மேட்டை அந்த வருஷ மழை அரித்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே ஆறு.

முப்பத்தாறு ஜூலை, ஒரு வியாழக்கிழமை. மழை. நான் குடையோடு போனேன். பழனியாண்டி கட்டையைச் சொருகிவிட்டு, வழக்கம்போலக் காலால் இரண்டு உதை உதைத்துப் பார்த்தான். "பக்கீர் நானா கடையில உங்களுக்குத் தேத்தண்ணி சொல்லியிருக்கேன், போய்க் குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

"பாப்பா வாயால சொன்ன தேத்தண்ணியா, அப்ப சீனி தூக்கலாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டு போனான்.

கட்டை மழையில் ஊறியிருந்தது. குடைக் கம்பியால் நெம்பினேன், வந்துவிட்டது.

பெட்டி காலி என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அப்பாகூட அதை நம்புவார். ஆனால் காலிப் பெட்டியால் ஒன்றும் ஆகாது என்பதை மேலே எழுதிவிட்டேன். கட்டையை நெம்புமுன் வேலாயியை நான்தான் ஏற்றிவிட்டேன். அக்கரப்பத்தனைப் பக்கம் கொழுந்து பறிக்கிறவள். அக்கா செத்தபோது என் தாயைவிட அதிகம் அழுதவள். குடை இல்லாமல் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றாள்.

"நனையாதீங்க. ஏறி உக்காருங்க" என்றேன்.

"இந்தப் பொட்டியிலயா? வெளிய ஒரு மழன்னா உள்ள ரெண்டு மழ பாப்பா. எப்பத்தான் வருமாம் ஒங்க புதுப் பொட்டி?"

"சீக்கிரம் வரும்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

அவளோடு கிழவர் செல்லசாமியும், அவர் தம்பி சின்னத்தம்பியும் ஏறினார்கள். கைக்குழந்தையோடு இன்னொருத்தி வந்தாள். அவளை எங்கள் கடைக்குப் போய் நிற்கச் சொன்னேன். மூன்று பேர் போதும் என்று தெரிந்தபின் நாலாவது ஆளை ஏற்றுவது கொடுமை. இதைக் கவனத்தில் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பெட்டி முதலில் மிக மெதுவாகத்தான் நகர்ந்தது. வேலாயி ஜன்னலில் தலையை நீட்டி, வண்டி கிளம்பிவிட்டதென்று நினைத்தோ என்னவோ, எனக்குக் கையைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

மறுவாரமே பெரிய அதிகாரிகள் வந்தார்கள். புதுப் பெட்டிகளுக்கு உத்தரவு என்று பத்திரிகையில் வந்தது. பழனியாண்டியைப் பிடித்துப் போனார்கள். அவன் மறுக்கவே இல்லை. "வச்ச மாதிரிதான் இருக்கு சாமி. ஆனா பொட்டி போயிருச்சே, அப்ப நாந்தான் மறந்திருப்பேன்" என்று கோர்ட்டில் சொன்னான். மூன்று வருஷம் போட்டார்கள்.

அன்றே நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? பெட்டியில் பழுதில்லை, ஒரு பெண்ணின் விஷமம் என்று எழுதி உத்தரவைக் கிழித்துவிடுவார்கள். வேலாயி சும்மா செத்ததாகிவிடும். புதுப் பெட்டி வந்து நிற்கட்டும், பிறகு சொல்வோம் என்று தீர்மானித்தேன். டிசம்பர் என்றார்கள். பிறகு சித்திரை. பிறகு கப்பலில் இடமில்லை என்றார்கள். வாக்குமூலத்தை அன்றே எழுதியாயிற்று. இது நான் எடுக்கும் மூன்றாவது நகல், முதல் இரண்டும் பழுப்பேறிவிட்டன.

இதற்கிடையில் பழனியாண்டியின் பெண்சாதி வீரம்மா மாதம் தவறாமல் வருகிறாள். ஊரில் இங்கிலீஷ் மனு எழுதத் தெரிந்தவள் நான்தான். இதுவரை நாலு கருணை மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் படிக்கிறவர் கண் கலங்கும்படி எழுதினேன். அவள் விரல் ரேகையை நானே பிடித்து வைத்தேன்.

போன வாரம் புதுப் பெட்டி வந்துவிட்டது. ஒன்று. பச்சைச் சாயம், கண்ணாடி ஜன்னல், உள்ளே இருந்தே திறக்கிற கதவு. அந்தக் கதவை நான் ஏழெட்டுத் தடவை திறந்து மூடிப் பார்த்தேன். மாஸ்டர் தடுக்கவில்லை.

இன்று காலை வீரம்மா வந்தாள். அதில் ஏறித்தான் கண்டிச் சிறைக்குப் போய் வந்திருக்கிறாள்.

"குலுங்கவே இல்ல தாயி. தொட்டில்ல கெடந்த மாதிரி இருந்துச்சு. அவர்தான் எளச்சுப் போயிட்டாரு. ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு, கட்டய வச்சேனா வைக்கலியான்னு கேக்குறாராம். எங்கிட்டயும் கேட்டாரு. எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க?"

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"இன்னொரு மனு எழுதிப் போடுங்க தாயி. நீங்க எழுதுனாக் கேப்பாங்க. ஒங்களுக்குத்தான் எங்க மேல ஈவு இரக்கம் இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, வாசலில் இருக்கச் சொன்னேன். உள்ளே வந்து இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். நீங்கள் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: இதை நீதவானாகிய உங்கள் கையில் கொடுப்பதென்று முடிவு செய்து ஒன்றரை வருஷமாகிறது. அதில் இம்மியும் மாற்றமில்லை. ஆனால் உத்தரவு இரண்டு பெட்டிக்கு. ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கெடுப்பது வேலாயிக்குச் செய்கிற துரோகம். அதுவும் வந்து சேரட்டும்.

தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று, இந்த ஒன்றுதான் பாக்கி. பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன். மழை தூறுகிறது, பாவம், அவள் வாசலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த மனுவில் அவன் நிரபராதி என்றே எழுதப்போகிறேன். அதை என்னளவு உறுதியாக எழுத இந்த ஊரில் வேறு யாரால் முடியும்?